மலையேறிய மருந்துகள் – 11: திருவள்ளூரில் தோற்ற கிருமி

விடியற்காலையில் முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஜீப்புகள் போகின்றன. ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கவும் களை வெட்டவும் போகிற சனம் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். அவர்களில் பெரும்பாலோருடைய இடது புயத்தில், தோளுக்குச் சற்றுக் கீழே, அரை அங்குலத்துக்கும் குறைவான ஒரு தழும்பைப் பார்க்கலாம். பிறந்த கையோடு போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு அது. ‘டி.பி. ஊசி’ என்றுதான் இங்கே அதற்குப் பெயர். காசநோய் வராமல் தடுக்கக் குழந்தைக்குப் போடுவது என்ற அளவில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தழும்பை உண்டாக்கிய அதே கிருமிதான் இன்று உலகம் முழுவதும் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆரம்ப நிலைகளுக்கு முதன்மையான மருந்து. நாற்பது ஆண்டுகளாக அதை மிஞ்ச இன்னொன்று வரவில்லை. புற்றுநோய்க்கு உயிருள்ள ஒரு கிருமியை மருந்தாக வைத்து, அதில் நிலையாக வெற்றி கண்ட ஒரே சிகிச்சை என்றே இதைச் சொல்லலாம்.

சென்ற பகுதியில் மலைக்காய்ச்சலையும் கொயினாவையும் பார்த்தோம். கொயினா கிருமியை நேரே தாக்கும் மருந்து. பி.சி.ஜி. செய்வது வேறு வேலை. புற்றைச் சூழ்ந்திருக்கும் இடத்தின் நிலைமையை அது மாற்றுகிறது. மாறிய அந்த இடம் புற்றை அழிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள மருத்துவ உலகத்துக்கு வெகுகாலம் பிடித்தது. அந்த வரலாற்றின் பெரிய அத்தியாயம் ஒன்று நம் தமிழ்நாட்டில்தான் எழுதப்பட்டது.

லில்லிலிருந்து கிண்டிக்கு

பிரான்சின் வடக்கே லில் நகரில், பாஸ்டர் ஆய்வகத்தில் இருந்த ஆல்பெர் கால்மெத், கமீல் கெரான் என்ற இருவர் 1908இல் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். மாட்டுக்கு வரும் காசநோயின் கிருமியை, பித்தநீரும் கிளிசரினும் சேர்த்த உருளைக்கிழங்குத் துண்டின்மேல் வளர்ப்பது, சில வாரங்களில் புதிய துண்டுக்கு மாற்றுவது, மீண்டும் மாற்றுவது. முதல் உலகப் போரில் லில் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் 230 தடவை மாற்றி நட்ட பிறகு, உடம்பில் புகுந்தாலும் நோய் தராத ஒரு கிருமி கிடைத்தது. அதுதான் பி.சி.ஜி. ஆனால் காசநோய்க் கிருமியைப் பார்த்தால் உடம்புக்கு வருகிற கோபம் இதைப் பார்த்தாலும் வந்தது. 1921இல் பாரிசில் முதல் குழந்தைக்கு அது வாய்வழியாகக் கொடுக்கப்பட்டது.

1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் இந்த மருந்து கொடுக்கப்பட்ட கைக்குழந்தைகளில் 72 பேர் காசநோயால் இறந்தார்கள். அந்த ஊர் ஆய்வகத்தில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டதுதான் காரணம் என்று பின்னர் விசாரணையில் தெரிந்தது. பி.சி.ஜி. மீது பழி இல்லை. என்றாலும் ‘உயிருள்ள கிருமி’ என்ற சொல்லின் மேல் விழுந்த அச்சம் பல காலம் விலகவில்லை.

இந்தியாவுக்கு அது சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே வந்தது. 1948 ஆகஸ்டில் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் முதல் ஊசிகள் போடப்பட்டன. அதே ஆண்டு சென்னை கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில், பி.சி.ஜி. தயாரிக்கும் அரசு ஆய்வகம் தொடங்கியது. நாட்டின் தேவைக்கு அங்கிருந்துதான் மருந்து போக வேண்டும். 1951இல் நாடு தழுவிய இயக்கமாக அது விரிந்தது.

அன்றைய முறை இப்போதையதைப் போல ஒரே ஊசியில் முடியாது. முதலில் கையில் டியூபர்குலின் ஊசி போட்டு மூன்றாம் நாள் வந்து பார்ப்பார்கள். அந்த இடம் தடித்திருந்தால் உடம்பு காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று பொருள். அவருக்குத் தடுப்பூசி தேவையில்லை. தடிக்காதவருக்குத்தான் பி.சி.ஜி. ஒரு குழு ஓர் ஊருக்கு இரண்டு முறை வர வேண்டும், அதே ஆட்கள் இரண்டு முறையும் இருக்க வேண்டும். வேலை தேடித் தோட்டம் தோட்டமாக நகரும் மலைச் சனத்துக்கு இது எவ்வளவு பொருந்தாத முறை என்று சொல்லத் தேவையில்லை. மருந்தோ திரவமாக இருந்தது. சில வாரங்களில் கெட்டுவிடும், வெயில் பட்டால் அதற்கு முன்பே செத்துவிடும். உறைய வைத்து உலர்த்திய பி.சி.ஜி. வந்த பிறகும், டியூபர்குலின் பார்க்காமல் நேரே ஊசி போடலாம் என்று முடிவான பிறகும்தான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

அப்போது சென்னையில் இதற்குப் பலத்த எதிர்ப்பு இருந்தது. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டிறங்கிய பிறகு, 1955இல், தாம் பி.சி.ஜி.யை ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் பிரசுரமே எழுதி வெளியிட்டார். லட்சக்கணக்கான பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதற்கு முன் போதிய ஆதாரம் இருக்கிறதா என்பதே அவர் கேள்வியின் சாரம். மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ராஜாஜியின் அச்சங்களில் பல ஆதாரமற்றவை. பி.சி.ஜி. போட்ட குழந்தைகள் கூட்டமாக நோயில் விழவில்லை. மூளைக்காசம் போன்ற கொடிய வகைகளிலிருந்து கைக்குழந்தைகளை அது காப்பாற்றுகிறது என்பது பிற்பாடு உறுதியானது. ஆனால் ‘நம் மண்ணில் இது வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் அடுத்த பெரிய வேலை நடந்தது.

திருவள்ளூர் சொன்ன பதில்

இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளிடம் 1950இல் தொடங்கிய ஆய்வில் பி.சி.ஜி. நூற்றுக்கு எண்பது அளவுக்குப் பாதுகாப்புத் தந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் நடந்த ஆய்வில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஒரே மருந்துக்கு இப்படி இரண்டு முடிவுகள். குழப்பத்தைத் தீர்க்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலகச் சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களைத் தேர்ந்தெடுத்தன. 1968இல் வேலை தொடங்கியது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு பி.சி.ஜி., சிலருக்கு வெறும் மருந்தில்லாத நீர்; யாருக்கு எது என்று போடுபவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. உலகில் அதுவரை நடந்த பி.சி.ஜி. ஆய்வுகளில் இதுவே பெரியது.

ஏழரை ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கு 1979இல் வெளிவந்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி.யால் பலன் இல்லை. பதினைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த முழு அறிக்கை 1999இல் வந்தபோதும் பெரியவர்கள் விஷயத்தில் முடிவு மாறவில்லை. சிறுவர்களிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்பு தென்பட்டது.

ஏன் இப்படி? பல விளக்கங்கள் வந்தன. அவற்றுள் பலரும் ஏற்கும் ஒன்று இது. நம் மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவினர்கள் ஏராளம். வெறுங்காலோடு வயலில் இறங்கும், குளத்து நீரில் குளிக்கும் உடம்பு சிறு வயதிலேயே அவற்றைப் பழகிவிடுகிறது. அந்த எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே இருக்கும் உடம்பில் புதிதாகப் பி.சி.ஜி. போட்டால், அது கூடுதலாக எதையும் சேர்ப்பதில்லை. சில சமயம் வேரூன்றுவதற்கு முன்பே துரத்தப்பட்டும் விடுகிறது. குளிர்நாட்டுப் பிள்ளைக்கு அப்படி முன்பழக்கம் இல்லை. மருந்து ஒன்றே, சுற்றுப்புறம் வேறு.

திருவள்ளூர் தந்த பாடத்தைப் பலரும் ‘பி.சி.ஜி. தோற்றது’ என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதாது என்று தோன்றுகிறது. ஒரு கிருமி உடம்பில் என்ன செய்யும் என்பது அந்தக் கிருமியிடம் மட்டும் இல்லை. அது போய்ச் சேரும் இடம் முன்பே எப்படிப் பழகியிருக்கிறது என்பதில் பாதி இருக்கிறது. இதை லட்சக்கணக்கான தமிழர்களின் உடம்பிலிருந்து உலகம் கற்றுக்கொண்டது.

ஆறு குப்பிகள்

திருவள்ளூரில் கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், கனடாவின் கிங்ஸ்டன் நகரில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில், கொலம்பியாவிலிருந்து குடியேறிய ஆல்வாரோ மொராலெஸ் என்ற சிறுநீரகவியல் மருத்துவர் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார்.

காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் ஏதோ பகை இருக்கிறது என்ற எண்ணம் புதிதல்ல. பிணப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து, காசநோய் இருந்தவர்களிடம் புற்றுநோய் குறைவு என்று அமெரிக்காவின் ரேமண்ட் பெர்ல் 1929இலேயே எழுதியிருந்தார். 1959இல் லாயிட் ஓல்டும் கூட்டாளிகளும், பி.சி.ஜி. போட்ட எலிகளில் புற்றுக்கட்டிகள் வளரத் தயங்குகின்றன என்று காட்டினார்கள். அதன் பிறகு ரத்தப் புற்றுநோய், தோல் புற்றுநோய் என்று எதற்கெடுத்தாலும் பி.சி.ஜி.யைப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சியது. அந்தத் தோல்விகளிலிருந்து பெர்ட் சபார் என்பவர் சில நிபந்தனைகளைத் தேற்றியெடுத்தார். கட்டி சிறியதாக இருக்க வேண்டும். கிருமி அதை நேரே தொட வேண்டும். கிருமி போதுமான அளவு இருக்க வேண்டும். எதிர்வினை காட்டும் திறன் நோயாளியின் உடம்பில் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் எல்லாம் ஒன்றுகூடும் உறுப்பு எது? சிறுநீர்ப்பை. அது ஒரு பை. குழாய் வழியாக மருந்தை ஊற்றி நிறுத்தி வைக்கலாம், பிறகு வெளியேற்றிவிடலாம். அங்கே வரும் புற்றுகளில் நான்கில் மூன்று, கண்டுபிடிக்கப்படும் நேரத்தில் உட்தோலின் மேலாகவே இருக்கும்; தசைக்குள் இறங்கியிருக்காது. வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும் என்பதுதான் அவற்றின் தொல்லை. மொராலெஸ், வெட்டி எடுத்த பின் 120 மில்லிகிராம் பி.சி.ஜி.யை 50 மில்லி உப்புநீரில் கலந்து சிறுநீர்ப்பைக்குள் விட்டார், வாரத்துக்கு ஒரு முறை, ஆறு வாரம். ஆறு என்ற எண்ணுக்குப் பெரிய காரணம் இல்லை. அவருக்குக் கிடைத்த மருந்துப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன. 1976இல் வெளியான அவருடைய கட்டுரையில் இருந்தவர்கள் 9 நோயாளிகள் மட்டுமே. அவர்களிடம் புற்று திரும்ப வருவது வெகுவாகக் குறைந்திருந்தது. 1980இல் அமெரிக்காவின் டொனால்ட் லாம், குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்து ஆய்ந்து, அது உண்மைதான் என்று காட்டினார். 1990இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் ஒப்புதல் தந்தது. அந்த ஆறு வாரம் இன்றும் ஆறு வாரமாகவே இருக்கிறது.

பைக்குள் நடப்பது

ஏலத்தோட்டக்காரர் ஏலச்செடியை மட்டும் பார்த்து விளைச்சலைச் சொல்லமாட்டார். மேலே நிற்கும் மரத்தின் நிழல், கீழே மக்கும் சருகு, மண்ணில் நிற்கும் ஈரம் என்று எல்லாவற்றையும் பார்த்துத்தான் சொல்வார். நிழலை வெட்டிவிட்டால் செடியை வெட்டத் தேவையில்லை. புற்றுக்கட்டியும் அப்படித்தான். நுண்ணோக்கியில் பார்க்கும் கட்டியில் புற்றணுக்கள் மட்டும் இருப்பதில்லை. ரத்தக் குழாய்கள், நார்த்திசு, அந்த நாரை நெய்யும் அணுக்கள், பல வகை வெள்ளணுக்கள் என்று ஒரு முழுக் குடியிருப்பே அங்கே இருக்கிறது. அந்தக் குடியிருப்பு யார் பக்கம் என்பதைப் பொறுத்துத்தான் நோயின் போக்கு.

கொல்லவல்ல டி அணுக்கள் என்ற வெள்ளணுக்கள் கட்டிக்குள் நிறைய நுழைந்திருந்தால் நோயாளி கூடுதல் காலம் வாழ்கிறார் என்று, தசைக்குள் இறங்கிய சிறுநீர்ப்பைப் புற்றில் பத்மணி சர்மாவும் கூட்டாளிகளும் 2007இல் காட்டினார்கள். கட்டி இதற்கு இடம் கொடுக்காமல் இருக்கப் பல வழிகளில் முயல்கிறது. எதிர்ப்பாற்றலை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்களை அருகில் சேர்த்துக்கொள்கிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய பெருவிழுங்கி அணுக்களைப் புண் ஆற்றும் வேலைக்குத் திருப்பிவிடுகிறது. புண் ஆற்றும் அணுக்கள் புதிய ரத்தக் குழாய்களை வளர்க்கும், அது கட்டிக்கு உணவு. தன் மேற்பரப்பில் பி.டி.-எல்1 என்ற புரதத்தை நீட்டுகிறது. அதைத் தொட்ட டி அணு சோர்ந்துவிடும்.

இந்த இடத்துக்குள் பி.சி.ஜி. ஊற்றப்படும்போது நடப்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். கட்டியை வெட்டி எடுத்த புண்ணில் ஃபைப்ரோனெக்டின் என்ற ஒட்டும் புரதம் வெளியே தெரிகிறது. கிருமி அதைப் பற்றிக்கொள்கிறது. புற்றணுக்கள் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நலமான உட்தோல் அணுக்களைவிட இவை எளிதாக இழுத்துக்கொள்கின்றன. உள்ளே கிருமி புகுந்ததும் இன்டர்லியூகின்-6, இன்டர்லியூகின்-8 முதலிய அழைப்புப் பொருள்கள் வெளியாகின்றன. சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேருகின்றன. அந்த வேளையில் சிறுநீரைச் சோதித்தால் அதில் வெள்ளணுக்கள் நிறைந்திருக்கும். நியூட்ரோஃபில்களைத் தொடர்ந்து பெருவிழுங்கிகளும், அவற்றைத் தொடர்ந்து டி அணுக்களும் வருகின்றன. வாரம் செல்லச் செல்லப் பையின் சுவரில், காசநோயில் காண்பதைப் போன்ற சிறு கணுக்கள் உருவாகின்றன. ஒவ்வொரு வாரத் தவணையிலும் முந்தையதைவிடக் கூடுதலாகச் சுரப்புகள் பெருகுகின்றன. மூன்றாவது, நான்காவது தவணைகளுக்குப் பின் அது உச்சத்துக்குப் போகிறது. உடம்பின் கவனம் கிருமியின் மேல் திரும்பியதுபோலத் தோன்றினாலும், அந்தக் கலவரத்தில் புற்றணுக்களும் அடையாளம் காணப்பட்டு அழிகின்றன. டி அணுக்கள் இல்லாத எலிகளில் பி.சி.ஜி. வேலை செய்யாது என்று டிமதி ராட்லிஃப் முதலியோர் காட்டியதும் இதனால்தான். கொல்வது கிருமி இல்லை.

நோயாளி இதை எரிச்சலாகவும் அடிக்கடி நீர் பிரிவதாகவும் உணர்கிறார், சிலருக்கு ஒரு நாள் லேசான காய்ச்சல். மருந்து வேலை செய்கிறது என்பதன் மறுபக்கம் அது.

இந்த எதிர்வினையை அளந்து பார்க்கும் முயற்சி இந்தியாவிலும் நடந்தது. லக்னோவின் சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தார், நம் நாட்டில் வழக்கத்தில் உள்ள டேனிஷ் 1331 வகைப் பி.சி.ஜி.யை வழக்கமான அளவிலும் குறைந்த அளவிலும் கொடுத்து, நோயாளிகளின் சிறுநீரில் இன்டர்லியூகின்-8 எவ்வளவு வெளியாகிறது என்று அளந்தார்கள். 2002இல் வந்த முடிவு, அது நன்றாக ஏறியவர்களுக்குப் புற்று திரும்ப வருவது குறைவு என்பது. டேனிஷ் 1331தான் கிண்டியில் தயாராகும் வகையும். கைக்குழந்தைகளுக்கான சிறு குப்பியோடு, சிறுநீர்ப்பைப் புற்றுக்கான 40 மில்லிகிராம் குப்பியையும் கிண்டி ஆய்வகம் செய்து வந்திருக்கிறது.

இது எல்லோருக்கும் பலிப்பதில்லை. படர்ந்த ஆரம்ப நிலைப் புற்றில் பத்துப் பேரில் ஏழு பேருக்கு முழுதாக மறைகிறது. மற்றவர்களுக்கு இல்லை, மறைந்தவர்களில் சிலருக்கும் திரும்ப வருகிறது. ஏன் தோற்கிறது என்று ஆராய்ந்தபோது, 2007இல் பிரான்ட் இன்மன் என்பவரின் குழு ஒரு விஷயத்தைக் கண்டது. பி.சி.ஜி. தோற்ற நோயாளிகளில், எதிர்ப்பணுக்கள் திரண்டிருந்த அந்தச் சிறு கணுக்களுக்குள்ளேயே பி.டி.-எல்1 மிகுதியாக இருந்தது. உதவிக்கு வந்த அணுக்களே சோர்வுப் பொருளைச் சுமந்து நின்றன. அங்கிருந்துதான் அடுத்த காலகட்டம். பி.டி.-எல்1 பிடியை அறுக்கும் மருந்துகள் வந்தன. அந்த அறிவியலுக்கு அடிகோலிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. பரவிய சிறுநீர்ப்பைப் புற்றுக்கு 2016இல் அட்டெசோலிசுமாப் ஒப்புதல் பெற்று, பெரிய ஆய்வில் எதிர்பார்த்த பலன் தெரியாததால் பின்னர் அந்த ஒப்புதல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அது ஏன் பலரிடம் பலிக்கவில்லை என்பதற்கும் 2018இல் விளக்கம் கிடைத்தது: டி அணுக்கள் வந்துதான் இருக்கின்றன, ஆனால் கட்டியைச் சுற்றிய நார்த்திசுவில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சுரப்பு அவற்றை வெளியிலேயே நிறுத்திவிடுகிறது. பி.சி.ஜி.க்குப் பணியாத புற்றுக்குப் பெம்ப்ரோலிசுமாப் 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2024 ஏப்ரலில் ஒப்புதல் பெற்ற இன்னொரு மருந்தோ, பி.சி.ஜி.யைத் தள்ளிவிட்டு வரவில்லை. அதனோடு சேர்த்தே பைக்குள் விடப்படுகிறது. டி அணுக்களுக்கு ஊக்கம் தருவது அதன் வேலை.

இங்கே திருவள்ளூர் மறுபடியும் நினைவுக்கு வருகிறது. 2012இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் எலிகளில் ஒன்றைச் செய்து பார்த்தார்கள். முன்கூட்டியே தோலில் பி.சி.ஜி. போட்டுவிட்டுப் பிறகு சிறுநீர்ப்பைக்குள் விட்டால், டி அணுக்கள் விரைவாகவும் மிகுதியாகவும் வந்தன. நோயாளிகளின் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, சிகிச்சைக்கு முன்பே டியூபர்குலின் சோதனையில் கை தடித்தவர்களுக்குப் புற்று திரும்புவது குறைவாக இருந்தது. திருவள்ளூரில் தடுப்பூசியின் பலனை மறைத்த அதே முன்பழக்கம், சிறுநீர்ப்பையில் உதவிக்கு வரக்கூடும் என்ற எண்ணத்தை இது தருகிறது. இதை வைத்து எந்த மருத்துவரும் இன்று சிகிச்சையை மாற்றுவதில்லை. ஆனால் காசநோயோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் நம் மக்களிடம்தான் இந்தக் கேள்வியை ஆழமாக ஆராய வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மருந்து இல்லாத ஆண்டுகள்

இவ்வளவு பயனுள்ள மருந்து எப்போதும் கிடைத்துவிடுவதில்லை. மெதுவாக வளரும் கிருமி அது. ஒரு தொகுதி தயாராக மாதக்கணக்கில் ஆகும், லாபமும் குறைவு. 2012இல் கனடாவின் டொரான்டோ தொழிற்கூடத்தில் தயாரிப்பு நின்றபோது உலகம் முழுவதும் தட்டுப்பாடு வந்தது. அங்கே தயாரான பி.சி.ஜி. வகை 2017இல் அடியோடு நிறுத்தப்பட்டது. அமெரிக்காவிலேயே நோயாளிகளுக்கு அளவைக் குறைத்துப் பகிர்ந்து கொடுக்கும் நிலை உண்டாயிற்று.

நம்மிடமும் அப்படி ஒரு காலம் இருந்தது. 2008 ஜனவரியில், தயாரிப்புத் தரவிதிகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்று கிண்டி ஆய்வகம், குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கசௌலி ஆய்வு நிறுவனம் ஆகிய மூன்று அரசு நிறுவனங்களின் உரிமங்களும் நிறுத்தி வைக்கப்பட்டன. நாட்டின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி தந்த மூன்று இடங்கள் ஒரே நாளில் மூடிக்கிடந்தன. 2010இல்தான் உரிமம் திரும்பியது. குறைகள் இருந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் குறைகளைத் திருத்தக் கட்டடம் கட்டுவதும் ஆட்களைப் பழக்குவதும் ஒரு வழி. உற்பத்தியை நிறுத்துவது இன்னொரு வழி. இரண்டாவது வழியைத் தேர்ந்தது தவறு என்பது என் தீர்ப்பு. இன்று புனேவின் சீரம் நிறுவனம் மாஸ்கோ வகைப் பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைப் புற்றுக்காகத் தயாரித்துத் தருகிறது. அது பெரிய உதவி. என்றாலும் அரசின் கையில் ஒரு கூடம் இருந்தாக வேண்டும்.

மலைக்காரர்களுக்கு

சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதல் காரணம் புகை. பீடியும் சிகரெட்டும் தரும் நஞ்சைச் சிறுநீரகம் வடிகட்டி அனுப்ப, அது பைக்குள் மணிக்கணக்கில் தேங்கி நிற்கிறது. சாயத் தொழிலாளர்களுக்கு இந்தப் புற்று வருவதை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரேன் 1895இலேயே கண்டு சொன்னார். புகையிலையின் புகையிலும் அதே குடும்பத்து அமீன் பொருள்கள் இருக்கின்றன. பெண்களைவிட ஆண்களுக்கு இது மூன்று நான்கு மடங்கு அதிகம் வருவதற்கும் புகை பெரும் காரணம். மலைக்குளிரில் பீடி ஒரு துணை என்று நம்புகிற ஆண்கள் நம் தோட்டங்களில் இன்னும் நிறைய.

முதல் அறிகுறி, வலி இல்லாமல் சிறுநீரில் ரத்தம். வலி இல்லாததுதான் ஆபத்து. இரண்டு நாள் சிவந்து போய்த் தானாகத் தெளிந்துவிடும். ‘சூடு’ என்று சொல்லி இளநீரும் மோரும் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். சில மாதம் கழித்து மறுபடி வரும்போது, மேலோட்டமாக இருந்தது தசைக்குள் இறங்கியிருக்கும். அதற்கப்புறம் பி.சி.ஜி. உதவாது, பையையே எடுக்க வேண்டி வரும்.

சிகிச்சைக்கு வாரம் ஒரு நடை மலையிறங்க வேண்டும். ஆறு வாரம் முடிந்த பிறகும் மூன்று மாதம், ஆறு மாதம் என்று மூன்று ஆண்டுவரை இடையிடையே மும்மூன்று தவணைகள் உண்டு; அப்படித் தொடர்ந்தவர்களுக்கே பலன் கூடுதல் என்று 2000இல் லாம் குழுவின் பெரிய ஆய்வு நிறுவியது. சாந்தன்பாறையிலோ ராஜகுமாரியிலோ தங்கி வேலை பார்ப்பவருக்கு ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் கூலி, ஒரு நாள் ஜீப் செலவு. மதுரை–போடி ரயில் 1928இல் வந்து, அகலப்பாதை வேலைக்காக 2010இல் நின்று, 2023 ஜூனில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் அலைந்த நோயாளிகள் எத்தனை பேரோ.

ஆகவே இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ யாராவது சிறுநீர் சிவந்து போனது என்று சொன்னால், ஒரே ஒரு முறை போனதாகச் சொன்னாலும், க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ அழைத்துக்கொண்டு போங்கள். சிறுநீர்ச் சோதனையும் ஸ்கேனும் எடுத்து, தேவைப்பட்டால் பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பி.சி.ஜி. தொடங்கியவர் எரிச்சலுக்குப் பயந்து இரண்டாம் வாரத்தோடு நிறுத்தாமல் இருக்கக் கூடவே போங்கள். காய்ச்சல் 38.5 டிகிரிக்கு மேல் ஏறி இரண்டு நாள் நின்றால் மட்டும் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். உயிருள்ள கிருமி என்பதால் அரிதாக அது ரத்தத்தில் பரவுவதுண்டு, அதற்குக் காசநோய் மாத்திரைகளே மருந்து. தோட்டக் கணக்குப்பிள்ளைகளும் முதலாளிகளும் அந்த ஆறு நாள்களுக்குக் கூலியைப் பிடிக்காமல் விடுங்கள்.

(தொடரும்)